முகம் திரும்பியதற்கான காரணம்

நல்லசிவத்துக்குப் பதினோரு மாதங்களாக ஒரு கேள்விக்கடிதம்கூட வரவில்லை.

அவ்வூரில் சாலை வரி காரணங்களாக வசூலிக்கப்பட்டது. புறவழிச் சாலையில் கம்பத்துக்குக் கம்பம் கேமரா நின்றது. வண்டி கடக்கும்போது அது எண்பலகையைப் படிக்கும். ஓட்டுபவரைப் படம் எடுக்கும். சனிக்கிழமை தபாலில் கேள்வி வரும். ஏன் சென்றீர்? ஏன் விரைந்தீர்? ஏன் அந்த வளைவில் சிரித்தீர்? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் முழுவதும் உட்கார்ந்து காரணம் எழுதும். காரணம் ஏற்கப்பட்டால் வரி செலுத்தியதாகப் பொருள்.

ஏற்கப்பட்ட காரணம் உண்மையாகிவிடும். இது விதி. மாமியாருக்குக் காய்ச்சல் என்பதால் விரைந்தேன் என்று எதிர்வீட்டுப் பல் மருத்துவர் ஒருமுறை எழுதினார். திங்கட்கிழமை முத்திரை விழுந்தது. அதுவரை முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்த மாமியார் அடுப்பை அணைத்துவிட்டுப் போர்வை கேட்டார்.

அந்தப் பல் மருத்துவருக்கு வாரம் பதினாறு கடிதங்கள் வந்தன. அவர் அவற்றை வாசலில் நின்றே பிரித்தார். அதைப் பார்ப்பது நல்லசிவத்தின் மனைவி வளர்மதிக்குப் பெரும் வேதனையாக இருந்தது.

"ஏனுங்க, நாம எங்கயும் போறதே இல்லையா?" என்றாள் அவள்.

"தினமும் மில்லுக்குப் போறனே."

"போறன்னு நீங்கதான் சொல்றீங்க. கேமரா சொல்லலையே."

உண்மையில் நல்லசிவத்துக்குக் கடிதம் வராததே நிம்மதியாக இருந்தது. ஏனெனில், கேட்கப்படவே கூடாத கேள்வி ஒன்று அவரிடம் இருந்தது.

வீட்டிலிருந்து நூற்பாலைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஏழாவது கிலோமீட்டரில், தொட்டிபாளையம் பிரிவில், சாலையின் இடப்பக்கம் ஒரு பஞ்சர் கடை இருந்தது. அதை நடத்திய சென்னிமலை, நல்லசிவத்தின் உடன்பிறந்த அண்ணன். அவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு லாரி ஏறியவர். கிளீனராக ஏறினார், ஓட்டுநராக இறங்கினார், இடைப்பட்ட ஆண்டுகளில் தம்பியைப் பட்டதாரி ஆக்கினார்.

தம்பி கார் வாங்கியது ஆயுத பூசை அன்று. அண்ணன் வந்து பூசணிக்காய் உடைத்தார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். எண்பலகை மறையும்படி சந்தனத்தை வாரிப் பூசிக் குங்குமம் வைத்தார். நல்லசிவமும் சும்மா இருக்கவில்லை. பின்கண்ணாடியில் "அண்ணன் சென்னிமலை ஆசி" என்று வெள்ளை எழுத்தில் ஒட்டச் செய்தார். அன்று அதை அவர் மனமாரச் செய்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இருபது நாள் கழிந்தது. ஆலையின் பொது மேலாளருடைய கார் பழுதாயிற்று. அவர் நல்லசிவத்தின் காரில் ஏறினார். ஏழாவது கிலோமீட்டரில் அண்ணன் கையை உயர்த்தினார். கையில் டயர் கழற்றும் கம்பி இருந்தது. உடம்பில் பனியன் இருந்தது. பனியனில் துணியைவிடக் கிரீஸ் மிகுதியாக இருந்தது.

"தெரிஞ்சவரா?" என்றார் பொது மேலாளர்.

"இல்லீங்க சார். பஞ்சர் கடைக்காரர். எல்லா வண்டிக்கும் கை காட்டுவாரு."

"எதுக்கு?"

"தொழிலுங்க சார்."

பொது மேலாளர் நிறைவடைந்தார். அன்று மாலையே நல்லசிவம் சவர பிளேடை எடுத்துப் பின்கண்ணாடி எழுத்துகளைச் சுரண்டினார். "ஆசி" எளிதில் வரவில்லை. சந்தனத்தை மட்டும் அவர் தொடவில்லை. பூசைச் சந்தனத்தைத் துடைக்கலாகாது. அது தானாக உதிர வேண்டும். இரண்டு மழைக்காலம் போயும் அது உதிரவில்லை.

மறுநாள் முதல் ஏழாவது கிலோமீட்டரில் அவர் முகம் வலப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. வேலிகாத்தான் முள் மட்டும் இருந்தது. அவர் அதை இருநூற்று அறுபத்தொரு காலைகள் பார்த்தார். மாலையில் ஊருக்குள் சுற்றி வேறு வழியாக வீடு திரும்பினார்.

வளர்மதி விடவில்லை. அரசு அலுவலகத்தில் போய் ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும் என்றாள். தெருவில் தலைகாட்ட முடியவில்லை என்றாள். நல்லசிவம் விடுப்பு எடுத்துக்கொண்டு போனார்.

காரண அலுவலகம் மூன்று மாடி உயரம் உடையது. அதன் நடைவழி நாலரைக் கிலோமீட்டர் நீளம் உடையது. காலையில் சற்றுக் குறைவாக இருந்ததாகக் காவலாளி சொன்னார். நடைவழியில் கிலோமீட்டர் கற்கள் நடப்பட்டிருந்தன. இரண்டாவது கல்லருகே ஒருவர் கரும்புச்சாறு பிழிந்துகொண்டிருந்தார். அவரும் ஒரு கடிதத்துக்குப் பதில் சொல்ல வந்தவர்தான்.

வரிசையில் நின்றோர் எல்லாரும் சுவரைப் பார்த்து நின்றனர். ஒருவர் முகத்தை ஒருவர் காணலாகாது என்பது தனியுரிமை விதி. நல்லசிவமும் முகத்தைத் திருப்பி நின்றார்.

"சுத்தமாத் திரும்பறீங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "எங்கயாச்சும் பழகினீங்களா?"

"இல்லீங்க."

"கை வந்த கலைங்க. எனக்கு மூணு மாசமாச்சு. இன்னும் மூக்கு நிக்குது."

நல்லசிவத்தின் காது சுட்டது.

அலுவலர் பெயர் எஸ்தர் கனகமணி. அவர் முகத்தருகே ஒரு விசிறியைப் பிடித்திருந்தார். வீசவில்லை.

"உங்க வண்டிக்கு நிலுவை எதுவும் இல்லீங்க," என்றார் அவர். "எல்லாத்துக்கும் காரணம் வந்திருக்கு."

"நான் எழுதவே இல்லையே?"

"நீங்க எழுதினதா யாரு சொன்னாங்க? நம்பர் பிளேட்டுல சந்தனம். மெஷின் சந்தனத்தைப் படிக்காது. பின்னாடி கண்ணாடியைப் படிச்சுது. அதுல யார் பேரு இருந்துதோ அவருக்கு அனுப்பினோம்."

"அதை நான் சுரண்டிட்டனுங்களே."

"எழுத்தைச் சுரண்டினீங்க. பசை போகலை. பசையில தூசி ஒட்டிக்கிச்சு. மெஷின் தூசியை நல்லாப் படிக்கும்."

கோப்பு தள்ளுவண்டியில் வந்தது. எஸ்தர் கனகமணி முதற்படத்தை எடுத்துக் காட்டினார். கார் ஓட்டுபவரின் முகத்தின்மேல் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டப்பட்டிருந்தது.

"இவரு யாருன்னு எங்களுக்குத் தெரியாதுங்க. தனியுரிமை."

"நான்தானுங்க அது."

"சொல்லாதீங்க. நான் கேக்கலை."

தாளுக்கு வெளியே இடது காது தெரிந்தது. அது சிவந்திருந்தது. அடுத்த படத்திலும் சிவந்திருந்தது. அதற்கடுத்த படத்திலும் அப்படியே.

"காதையும் மூடியிருக்கலாமே," என்றார் நல்லசிவம்.

"காதுக்குத் தனியுரிமை கிடையாதுங்க."

ஒவ்வொரு படத்தின் கீழும் கேள்வி அச்சிடப்பட்டிருந்தது. ஓட்டுநர் முகம் ஏன் திரும்பியுள்ளது? கேள்வியின் கீழே பென்சிலால் பதில். எழுத்துகள் வண்டிச் சக்கரங்களைப்போல முன்புறம் சாய்ந்து உருண்டன. ஓரத்தில் கிரீஸ் ரேகை. அது ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து. அந்தக் கையெழுத்தில்தான் நல்லசிவத்தின் கல்லூரி விடுதிக்கு மாதம் ஒரு கடிதம் வந்துகொண்டிருந்தது.

கண்ணில் வெயில்.

எதிரில் மாடு.

ஆபீஸ் யோசனை. பெரிய வேலை.

வலப்பக்கம் முள்ளில் பூ. பார்க்க நன்றாக இருந்தது.

நான் அன்று கடையில் இல்லை. ஆகையால் பார்க்க ஒன்றுமில்லை.

இந்தக் கடைசிப் பதிலுக்கு உரிய படத்தின் மூலையில், பனியன் போட்ட ஒருவர் கம்பியோடு கை உயர்த்தி நின்றார். அவருக்கு முகம் மூடப்படவில்லை. அவர் ஓட்டுநர் அல்லர்.

"காலையில மேக்க பாத்துப் போறவரு கண்ணுல வெயில் எப்படின்னு கேட்டோம்," என்றார் எஸ்தர் கனகமணி. "முன் கண்ணாடியில பட்டுத் திரும்பி அடிக்குதுன்னு எழுதினாரு. ஏத்துக்கிட்டோம்."

கண்ணாடியில் பட்டுத் திரும்பிய வெயில் நல்லசிவத்துக்கு நினைவு வந்தது. மாடும் நினைவு வந்தது. முள்ளில் மஞ்சளாகப் பூ இருந்ததும் நினைவு வந்தது. இவற்றையெல்லாம் தம்முடைய நல்ல நேரம் என்று அவர் அப்போது எண்ணியிருந்தார்.

தள்ளுவண்டியின் அடியில் பழைய பதில்கள் இருபது கிடந்தன. அவை முகம் திரும்புவதற்கு முந்திய நாள்களுக்கு உரியவை. அவற்றில் கேள்வி, ஏன் சென்றீர் என்பது. இருபதிலும் ஒரே விடை இருந்தது. தம்பி மில்லில் அதிகாரி. வேலைக்குப் போகிறான்.

நல்லசிவம் கோப்பை மூடினார்.

"எனக்கு ஒரு பாரம் கொடுங்க. உண்மையான காரணத்தை நான் எழுதறேன்."

"எழுதலாம்." எஸ்தர் கனகமணி ஒரு வெற்றுப் படிவத்தை நீட்டினார். "ஆனா ஒரே கேள்விக்கு ரெண்டு காரணம் இருக்கக்கூடாதுங்க. உங்களுது நெசம்னா அவருது பொய். பொய்க்காரணத்துக்கு ரோட்டைச் சுருட்டிருவோம்."

"எந்த ரோட்டை?"

"எழுதினவர் வாசல்ல இருக்கற ரோட்டை."

"அது பஞ்சர் கடைங்க."

"ரோடு இல்லைன்னா பஞ்சர் இல்லை. அவருக்கு ஓய்வுதான்."

அறையின் மூலையில், பாயைப்போலச் சுருட்டிய சாலை ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் நடுவே வெள்ளைக்கோடு தெரிந்தது. ஓரத்தில் ஒற்றைச் செருப்பு ஒட்டியிருந்தது.

"இது யாரோடதுங்க?"

"தனியுரிமை."

நல்லசிவம் பாரத்தைத் திருப்பிக் கொடுத்தார். எஸ்தர் கனகமணி அதை வாங்கி அடுக்கினார்.

"போன வாரத்துக் கடுதாசிக்கு இன்னும் முத்திரை விழலை," என்றார். "இருங்க, போட்டுடறேன்." அந்தத் தாளை அவர் உரக்கப் படித்தார்: "தம்பிக்குக் கழுத்துப் பிடிப்பு. இனிமேல் கேட்க வேண்டாம்."

முத்திரை விழுந்தது. நல்லசிவத்தின் கழுத்து வலப்பக்கம் திரும்பி, ஒரு சொடுக்கோடு நின்றது.

மறுநாள் காலையில் அவர் கழுத்தைத் திருப்பியபடியே காரை ஓட்டினார். சாலையை அவர் பக்கக் கண்ணாடியில், கடந்த பின்புதான் கண்டார். ஏழாவது கிலோமீட்டரில் வேலிகாத்தான் தெரிந்தது. அவர் காரை நிறுத்தினார். பதினோரு மாதங்களில் அங்கே நிறுத்துவது அதுவே முதல்முறை.

இறங்கி நின்றபின் ஓர் இடர் தோன்றியது. இடப்பக்கம் இருக்கும் கடையைப் பார்க்க வேண்டும்; கழுத்தோ வலப்பக்கம் மட்டுமே பார்த்தது. எனவே அவர் உடம்பை முழுவதும் சுற்றி, வந்த வழியைப் பார்த்து நின்றார். அப்போது முகம் அண்ணனிடம் போய்ச் சேர்ந்தது.

சென்னிமலை தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமிழ்த்திக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். தலையை உயர்த்தினார்.

"வாடா தம்பி. என்ன, அந்தப் பக்கம் நிக்கற, இந்தப் பக்கம் பாக்கற?"

"கழுத்துங்ண்ணா."

"ஆமாமா, நான்தான் எழுதுனேன். ரொம்ப வலிக்குதா? கம்மியாத்தான எழுதுனேன்."

"எதுக்குங்ண்ணா எழுதுனீங்க?"

"கடுதாசி வந்துச்சு. கேட்டா பதில் சொல்லோணுமில்ல? மொதல்ல எம் பேருக்கு எதுக்கு வருதுன்னு ஒண்ணும் புரியல. அப்புறம் படத்தைப் பாத்தேன்."

"முகத்தை மூடியிருந்தாங்களே."

"காது இருந்துச்சே. சின்னதுல நான் முறுக்குன காது. எனக்குத் தெரியாதா?"

நல்லசிவம் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டிய சொற்களை அவர் இரவெல்லாம் முறையாக அடுக்கி வைத்திருந்தார். எழுவாய் இருந்தது. பயனிலையும் இருந்தது.

"அண்ணா, நான் வந்து..."

"இரு." சென்னிமலை கம்பத்தின் உச்சியைப் பார்த்தார். கேமரா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. "எதுக்கு நிறுத்துனன்னு கேப்பாங்க. மொதல்ல அதுக்கு ஒரு வழி பண்ணலாம்."

அவர் தகர டப்பாவிலிருந்து ஓர் ஆணியை எடுத்தார். காரின் பின்சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். கார் பெருமூச்சு விட்டுச் சாய்ந்தது.

"இப்ப நெசமாவே பஞ்சரு," என்றார் அவர். "இப்பச் சொல்லு."

அந்நேரம் பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. பொது மேலாளர் எட்டிப் பார்த்தார்.

"என்ன நல்லசிவம், இங்க நிக்கறீங்க? தெரிஞ்சவரா?"

நல்லசிவத்தின் வாய் திறந்தே இருந்தது. அதில் முதலெழுத்து வந்துவிட்டது. மற்ற எழுத்துகள் தொண்டையில் வரிசையாக நின்றன. எல்லாம் சுவரைப் பார்த்து நின்றன.

"பஞ்சருங்க சார்," என்றார் சென்னிமலை. எழுந்து நின்று, கையைப் பனியனில் துடைத்துக்கொண்டார். "சார் நம்ம கஸ்டமருங்க."

"ஓ. நீங்கதானே எல்லா வண்டிக்கும் கை காட்டுவீங்க?"

சென்னிமலை ஒரு கணம் தம்பியைப் பார்த்தார். தம்பியின் முகத்தை அல்ல. காதை.

"ஆமாங்க சார்," என்றார். "தொழிலுங்க."

வெள்ளைக் கார் போயிற்று. நல்லசிவம் வாயை மூடினார். மேலே கேமரா ஒருமுறை சொடுக்கியது.

சென்னிமலை ஆணியைப் பிடுங்கினார், ஒட்டுப் போட்டார், காற்று அடித்தார். வேலை முடிந்ததும் ஒரு துணியைத் தொட்டியில் நனைத்து எண்பலகையின் சந்தனத்தைத் துடைத்தார்.

"அண்ணா, அதைத் துடைக்கக்கூடாது."

"பூசை போட்டவனே தொடைக்கலாம். தப்பில்ல. இனிமே கடுதாசி உனக்கே வரட்டும். நீதான் நின்னுட்டயில்ல, இனி நீயே எழுதிக்குவ."

அவர் துணியைப் பெட்ரோலில் தோய்த்துப் பின்கண்ணாடியில் தேய்த்தார். தூசியில் நின்ற அவருடைய பெயர் கடைசி எழுத்திலிருந்து முதலெழுத்துவரை மறைந்தது. கண்ணாடி வெளுத்தது. நல்லசிவத்தின் கழுத்து மெல்ல நேரானது.

சனிக்கிழமை கடிதம் வந்தது. வளர்மதி அதை வாங்கிக்கொண்டு வாசலில் நெடுநேரம் நின்றாள். பல் மருத்துவர் வெளியே வரும்வரை நின்றாள்.

"எங்களுக்கும் வந்திருக்குங்க," என்றாள்.

"ஒண்ணுதானா?"

"இப்பத்தானுங்க ஆரம்பிச்சிருக்கு."

உள்ளே ஒரு படமும் ஒரு கேள்வியும் இருந்தன. ஏழாவது கிலோமீட்டரில் நின்றவர் உம்மைக் கஸ்டமர் என்றார். அவர் ஏன் அவ்வாறு சொன்னார்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்லசிவம் மேசையருகே உட்கார்ந்தார். முதலில் தனித்தாளில் எழுதிப் பார்த்தார். அவர் என் அண்ணன். நான் அவரைக் கண்டு வெட்கப்பட்டேன். அதை அவர் அறிவார். வாக்கியங்களில் பிழை இல்லை. அவர் மூன்றுமுறை படித்தார். பிறகு அறையின் மூலையில் சாய்ந்து நின்ற சாலை நினைவு வந்தது. அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த செருப்பும் நினைவு வந்தது. இந்த மூன்று வாக்கியங்களை அனுப்பினால் வெயில் பொய், மாடு பொய், முள்ளில் பூத்த பூ பொய். இருநூற்று அறுபத்தொன்றும் பொய்.

அண்ணனைக் காப்பதற்காகவே உண்மையை மறைப்பதாக அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அவ்வாறு சொல்லிக்கொண்டபோது காது சுட்டது.

"இன்னும் எழுதலையா?" என்றாள் வளர்மதி. "இட்லி ஆறுதுங்க."

"ஆச்சு."

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கடிதத்தோடு வந்த பாரத்தை எடுத்தார். ஒரே வரி எழுதினார். எழுத்துகள் முன்புறம் சாய்ந்து விழுந்தன.

அவர் கண்ணில் வெயில்.

திங்கட்கிழமை முத்திரை விழுந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் வானம் மூடிக் கிடந்தது. நல்லசிவம் வழக்கமான நேரத்தில் புறப்பட்டார். ஏழாவது கிலோமீட்டரில் அவர் முகம் திரும்பவில்லை. அவர் இடப்பக்கம் பார்த்தார். கடை இருந்தது. கடையின் முன் சாலை இருந்தது. அண்ணன் தொட்டியருகே உட்கார்ந்திருந்தார். வேறெங்கும் இல்லாத வெயில் அவர் முகத்தில் மட்டும், ஒரு தட்டு அளவில், அசையாமல் விழுந்திருந்தது.

நல்லசிவம் கண்ணாடியை இறக்கினார். தோள்வரை கையை வெளியே நீட்டி அசைத்தார்.

"அண்ணா!" என்றார்.

சென்னிமலை புருவத்தின்மேல் கை வைத்துப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். இன்னும் சற்றுச் சுருக்கினார். பிறகு, கம்பி பிடித்த கையை உயர்த்திக் காட்டினார்.

பின்னால் வந்த லாரிக்கும் காட்டினார். அதற்குப் பின்னால் வந்த பால் வண்டிக்கும் காட்டினார்.